ஆராயப்பட்டது போதும், ஆராய வா!

உன் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் பட்டியல் ஒட்டினார்களே, அன்றைக்கு நீ என்ன செய்தாய்? நேராகச் சீனியரிடம் போனாய். "அண்ணா, எதுல மார்க் ஈஸியா விழும்?" என்று கேட்டாய். அவன் ஒன்றைச் சொன்னான், நீ அதற்கு டிக் அடித்துவிட்டு வந்தாய். அந்தப் பட்டியலிலோ மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளத்திலோ மூளையையும் மனத்தையும் பற்றிய ஒரு பாடமும் உன் கண்ணில் பட்டிருக்கும். ஒரு நிமிடம் ஆசையாகவும் இருந்திருக்கும். உடனே உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொண்டாய்: நமக்கு பயாலஜி கிடையாது, நாம பி.காம்., அதெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம்.

யார் சொன்னது?

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து கல்லூரிக்குக் கிளம்புகிற தம்பி, மாட்டுங்காவில் தாத்தா காலத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து படிக்கிற தங்கச்சி, செம்பூரில் காலேஜும் டியூஷனுமாக ஓடுகிற பிள்ளைகளே, உங்களைத் தட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பத்தாவது முடிந்த கையோடு சயன்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் என்று உங்களை மூன்று வரிசையில் நிறுத்தினோம். பதினாறு வயதில் நின்ற வரிசையிலேயே ஆயுசு பூராவும் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? சுவரை எழுப்பியவர்கள் நாங்கள், பெரியவர்கள். அதைத் தாண்டிக் குதிக்காமல் அதன் நிழலில் குந்தியிருப்பது நீங்கள்.

உன் மண்டைக்குள் இருக்கும் அந்தச் சுமார் 1.4 கிலோ பொருளைக் கேட்டுப் பார், அது எந்த வரிசை என்று. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்கு தேறினால் அதிகம், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொரு நரம்பணுவுக்குச் செய்தி போவது வேதியியல். நரம்பணுவுக்குள் துடிப்பு ஓடுவது மின்சாரம். நீ வீட்டில் தமிழும் வாசலில் இந்தியும் பேசுவது மொழியியல். சம்பளம் வருவதற்கு முன்பே தவணையில் போன் வாங்குவது பொருளாதாரம். இதையெல்லாம் செய்கிற 'நான்' யார் என்று ராத்திரி தூக்கம் வராமல் யோசிக்கிறாயே, அது தத்துவம். இதில் எந்தத் துறைக்காரன் தனியாக நின்று "இது என் சொத்து" என்று பட்டா காட்ட முடியும்?

முடியாது என்பது அந்தத் துறைகளுக்கே தெரிந்துபோன ஒரு நாள் உண்டு. 1956 செப்டம்பர் 11. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு கருத்தரங்கு. மொழியியல்காரர் நோம் சாம்ஸ்கி பேசினார். நினைவில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் நிற்கும் என்று உளவியல்காரர் ஜார்ஜ் மில்லர் பேசினார். தர்க்கத் தேற்றங்களை நிரூபிக்கிற கணினி நிரலைப் பற்றி ஆலன் நியூவெல்லும் ஹெர்பர்ட் சைமனும் பேசினார்கள். அறிதல் அறிவியல், அதாவது கல்லூரிகளில் காக்னிடிவ் சயின்ஸ் என்று சொல்லும் துறை, அன்றைக்குத்தான் பிறந்தது என்று மில்லர் பின்னாளில் எழுதினார். அந்த சைமனின் படிப்பு என்ன தெரியுமா? அரசியல் அறிவியல். அவருக்குக் கணினித் துறையின் டூரிங் விருது 1975-இல் கிடைத்தது, பொருளாதார நோபல் 1978-இல் கிடைத்தது. அவர் பி.காம். படித்திருந்தால் விட்டிருப்பார்களா என்று கேட்காதே. விடச் சொல்லி அவர் யாரிடமும் கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போ. தாராவியில் தோல் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சாந்தியாகோ ரமோன் இ கஹால், 1852-இல் ஸ்பெயினில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அடங்காப்பிடாரி. எதைக் கண்டாலும் படம் வரைகிற பையன். படம் வரைந்தால் சோறு கிடைக்காது என்று அப்பா அவரை முடிதிருத்துபவரிடம் வேலைக்கு விட்டார். பிறகு செருப்புத் தைப்பவரிடம் விட்டார். அப்பாவே உடற்கூறு கற்பிக்கும் மருத்துவர் என்பதால் கடைசியில் எலும்புகளைக் கையில் கொடுத்து வரையச் சொன்னார். அங்கே பிடித்துக்கொண்டது. காமில்லோ கோல்ஜி என்ற இத்தாலியர் கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தில் மூளைத் துண்டுகளை ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்து தள்ளினார் கஹால். கோல்ஜி அதே சாயத்தில் அதே மூளையைப் பார்த்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றார். கஹால் இல்லை என்றார், ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி என்றார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள், மேடையில்கூட கோல்ஜி ஒப்புக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னவர் கஹால்தான். அவர் வரைந்த படங்களை நரம்பியல் பாடப்புத்தகங்கள் இன்றும் அச்சிடுகின்றன. செருப்புத் தைத்த கையும் படம் வரைந்த கண்ணும் சேர்ந்து ஒரு துறையையே தொடங்கி வைத்தன. உன் அப்பா தோல் பட்டறையில் வேலை பார்க்கிறார் என்பதைக் கல்லூரியில் மறைத்துப் பேசுகிறாயே, எதற்கு?

நம்மவர் ஒருவரையும் சொல்கிறேன். வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பிறகு கேம்பிரிட்ஜ், பிறகு கலிஃபோர்னியா. கை வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கை வலிக்கும். இல்லாத விரல்கள் இறுக மூடி, இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்துவதாகச் சொல்லி அழுவார்கள். 1990களில் அவர் செய்தது இதுதான்: ஒரு பெட்டி, நடுவில் நிற்க வைத்த ஒரு கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், இழந்த கையும் விரிவதாகக் கண் மூளைக்குச் சொல்லும். சிலருக்கு அந்த இறுக்கம் அந்த நிமிடமே தளர்ந்தது. எல்லாருக்கும் பலிக்கிற மந்திரமில்லை அது, பின்னால் நடந்த சோதனைகளில் முடிவுகள் கலந்துதான் வந்தன. ஆனால் அவர் செலவழித்தது என்ன? கண்ணாடி விலை. சயான் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் கடையில் இன்றைக்கும் அதை வாங்கலாம்.

இவர்களெல்லாம் மேதைகள், நான் யார் என்கிறாயா? சரி, மேதைகளை விடு. உன்னைப் பற்றியே பேசுவோம். ஏனென்றால் இந்தத் துறை ஏற்கெனவே உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, உனக்குத்தான் தெரியாது.

2013-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் இருவரும் பொருளாதாரம், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ இருவரும் உளவியல். ஆய்வு நடந்த ஊர் எது? விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள். 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். கரும்பு விவசாயிக்குப் பணம் அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வரும். அதற்கு முந்தைய மாதங்களில் கையில் காசு இருக்காது, நகை அடகுக்குப் போகும், வட்டி ஏறும். அதே விவசாயியை அறுவடைக்கு முன்பும் பின்பும் உட்கார வைத்து, வரிசையில் விட்டுப்போன வடிவத்தைக் கண்டுபிடி, கவனத்தைச் சிதறவிடாமல் எண்ணைச் சொல் என்ற மாதிரியான சோதனைகளைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் அவர் மோசமாகச் செய்தார். அறுவடை முடிந்த பின் நன்றாகச் செய்தார். ஆள் அதே ஆள். மூளை அதே மூளை. மாறியது கையில் இருந்த காசு.

எட்டே கால் லோக்கலில் கதவோரம் தொங்கிக்கொண்டு பாடப்புத்தகம் படிக்கிற பையனை நினைத்துக்கொள். ஒரு கை கம்பியில், முதுகில் பத்துப் பேர் பாரம், காலுக்கடியில் தண்டவாளம் ஓடுகிறது. அவனுக்குப் பக்கம் நகரவில்லை என்றால் அவனை மக்கு என்பாயா? பணக்கவலை மனத்தில் பிடிக்கிற இடம் அப்படிப்பட்டது என்பதுதான் அந்த ஆய்வின் வாதம். அந்த ஆய்வைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, எதிர்வாதம் அதே இதழில் வந்தது. அறிவியல் அப்படித்தான் நடக்கும். ஆனால் "ஏழைக்குப் படிப்பு ஏறாது" என்று தலைமுறை தலைமுறையாக நம் காதில் ஊதிய வாய்களுக்கு, நம் ஊர்க் கரும்புக் கொல்லையிலிருந்தே ஒரு பதில் போயிருக்கிறது. இதை உன் வீட்டில் யாராவது உனக்குச் சொன்னார்களா? உன் பள்ளிக்கூடம் சொன்னதா? ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு வந்து கணக்குப் பரீட்சையில் தோற்ற நாளில் உனக்கு இது தெரிந்திருந்தால், உன்னைப் பற்றி நீயே அவ்வளவு கேவலமாக நினைத்திருப்பாயா?

அடுத்ததைக் கேள். விடியுமுன் தாராவியில் இட்லி அவிகிறது. சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி, பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு நம் அண்ணன்மார்கள் மும்பை முழுக்கப் போகிறார்கள். அந்த அண்ணனோடு போகிற பையன், தட்டுக்கு இத்தனை, வடைக்கு இத்தனை, நூறு ரூபாய்க்கு மீதி இத்தனை என்று பேனா எடுக்காமல் சொல்கிறான். அதே பையன் வகுப்பில் போர்டு முன்னால் போனால் முழிக்கிறான். எல்லாருக்கும் தெரிந்த காட்சிதான். ஆனால் இதை ஒருவர் அளந்தால் அறிவியல் ஆகிவிடுகிறது.

பிரேசில் நாட்டு ரெசிஃபி நகரத்தில் அளந்தார்கள். 1985-இல் வெளியான ஆய்வு. தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்து பிள்ளைகள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்கைக் கதையாக எழுதிக் கொடுத்தால் 74. வெறும் எண்களாகக் கொடுத்தால் 37. வெறும் ஐந்து பிள்ளைகள்தானே என்று சொல்லித் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் 2025-இல் 'நேச்சர்' இதழில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. நோபல் வாங்கிய பொருளாதாரக்காரர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ அதில் இருக்கிறார்கள், குழந்தை மனத்தை ஆராயும் எலிசபெத் ஸ்பெல்கேயும் இருக்கிறார். சந்தைப் பிள்ளைகள் சந்தையில் வெளுத்துக் கட்டினார்கள், பள்ளிக் கணக்கில் திணறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் தலைகீழ். ஒரு பக்கத்து அறிவு மறுபக்கத்துக்குப் போகாமல் நிற்கிறது. ஏன் என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை.

இந்தக் கேள்வியை மும்பையிலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள், உனக்கு எட்டும் தூரத்தில். செம்பூரில் ஏறினால் கோவண்டி, அதற்கடுத்து மான்குர்ட். அங்கே வி.என். புரவ் மார்க்கில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 1974-இல் தொடங்கியது, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. அங்கிருந்து அரிந்தம் போஸும் கே. சுப்ரமணியமும் மும்பையின் ஒரு பெரிய குறைந்த வருமானக் குடியிருப்புக்குப் போனார்கள். வீட்டுக்கு வீடு சிறுதொழில் நடக்கும் இடம். மாநகராட்சிப் பள்ளியில் படித்துக்கொண்டே வீட்டு வேலையிலும் கை கொடுக்கும் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்கு வெளியே எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், எப்படி அளக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் என் வயிற்றெரிச்சலைச் சொல்லட்டுமா? இது போன்ற தெருக்களைப் பற்றி ஆய்வு எழுத ஆட்கள் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அந்தத் தெருவில் பிறந்தவன் வாசலில் நின்று அவர்களுக்கு வழி காட்டுகிறான்.

இதுதான் நான் உன்னிடம் சண்டை போட வந்த விஷயம். எத்தனை காலம் நீ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாய்? கேள்வித்தாளைத் தயாரிக்கிறவன் ஆகு!

உன்னிடம் சரக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவர் குழுவினர் மறதிநோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாகத் தலைகாட்டியது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இரண்டுக்கு மேல் எத்தனை மொழி இருந்தாலும் கூடுதல் லாபம் அதில் தெரியவில்லை, ஆகவே ரொம்பவும் துள்ள வேண்டாம். இந்த ஆய்வை ஹைதராபாத்தில் செய்ய முடிந்தது, காரணம் அங்கே படிக்காதவர்களும் ரெண்டு மூணு மொழி பேசுவார்கள். மேலைநாட்டு நகரங்களில் இரண்டாவது மொழி பேசுகிறவர் பெரும்பாலும் படித்தவர் அல்லது வேறு நாட்டிலிருந்து குடியேறியவர். பலன் தந்தது மொழியா, படிப்பா என்று பிரித்துப் பார்ப்பது அங்கே கஷ்டம்.

இப்போது உன் வீட்டைப் பார். பாட்டியிடம் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, போலீஸ் ஸ்டேஷனில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. எந்த மொழி முதலில் திரும்பியது? பிறந்தபோது கேட்ட தமிழா, நாற்பது வருடம் ஃபேக்டரியில் பேசிய இந்தியா? முதலில் கற்ற மொழிதான் முதலில் வரும் என்று பிரெஞ்சுக்காரர் ரிபோ 1880களில் சொன்னார். இல்லை, அதிகம் புழங்கிய மொழிதான் வரும் என்று 1895-இல் பித்ர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு முடிவான விதி கிடைக்கவில்லை. இந்தக் கேள்வியோடு சயான் ஆஸ்பத்திரி வார்டில் நிற்க, நாலு மொழியும் காதில் விழுந்தால் புரிகிற ஆள் வேண்டும். பாரிஸிலிருந்து வருகிறவருக்கு அது முடியாது. அந்தேரியிலிருந்து வருகிறவருக்கே சிரமம். உனக்கு முடியும்.

உன் குடும்பத்துக்கும் இது உதவும். நம் சால்களில் ஒரு பெண் சமையல் செய்யாமல், தலை வாராமல் மூலையில் உட்கார்ந்துவிட்டால் முதலில் திமிர் என்பார்கள், பிறகு யாரோ ஏவிவிட்டார்கள் என்பார்கள், மருத்துவரிடம் போவது கடைசியில். கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா என்ற விஞ்ஞானி, சிறுவயதில் படுகிற மன அழுத்தம் மூளையின் உணர்ச்சிச் சுற்றுகளை எப்படி மாற்றுகிறது, செரடோனின் என்ற வேதிப்பொருள் அதில் என்ன செய்கிறது என்று ஆராய்கிறார். 2022-க்கான இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர். இந்த ஊர் சேவியர்ஸ் கல்லூரியில் படித்தவர்தான். அவர் வேலையில் ஒரு பக்கம் உனக்குப் புரிந்தாலும், அந்தப் பெண்ணைப் பார்த்துத் திமிர் என்று நீ சொல்லமாட்டாய். உன் தெருவில் அப்படிச் சொல்லாத முதல் ஆள் நீயாக இருந்துவிட்டுப் போ.

கூடவே ஒரு சின்னக் கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். தன்னம்பிக்கை மேடைகளில் "மனிதன் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறான், மீதி தொண்ணூறைத் தட்டி எழுப்பு" என்று முழங்குவார்கள், கைதட்டலும் விழும். அது பொய். மூளை முழுவதும் வேலை செய்கிறது, நீ தூங்கும்போதுகூட. தூங்குகிற தொண்ணூறு சதவீதம் என்று ஒன்று இல்லை. இடது மூளைக்காரன் கணக்குப்புலி, வலது மூளைக்காரன் கலைஞன் என்பதும் அதே ரகம். நானும் தன்னம்பிக்கை எழுதுகிறவன்தான். ஆனால் பொய்யின் மேல் ஏற்றிய நம்பிக்கை முதல் பரீட்சையிலேயே சரிந்துவிடும். உண்மையான சரக்கு வேண்டுமா? ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல்காரர்கள் 2006-இல் காட்டினார்கள்: ஒரு பாடத்தை இரண்டு முறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஹைலைட்டர் வாங்கிக் கலர் கலராகக் கோடு போடுகிற காசை மிச்சம் பிடி. மூடிவைத்து எழுது. மேடையில் முழங்குகிற எவரும் உனக்குத் தராத லாபம் இது, மூளையையும் மனத்தையும் பற்றிய படிப்பில் கிடைக்கும்.

இனி உன் சாக்குகள். வரிசையாக எடு, கேட்கிறேன்.

பயாலஜி கிடையாது. சென்னை ஐஐடியில் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தி மூளையின் மர்மத்தை அவிழ்க்கும் ஒரு பாடம் நடத்துகிறார், ஸ்வயத்தில் இருக்கும் என்.பி.டி.இ.எல். வழியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் அதே ஐஐடியில் படித்த பி.டெக். மின்பொறியியல். 2024-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய ஜெஃப்ரி ஹின்டனின் முதல் பட்டம் உளவியல், நடுவில் கொஞ்ச நாள் தச்சு வேலையும் பார்த்தார். கான்பூர் ஐஐடியின் ஆர்க் வர்மா நடத்தும் மூளையும் நடத்தையும் பற்றிய அறிமுகப் பாடமும் அதே தளத்தில் இருக்கிறது. அடிப்படையிலிருந்து தொடங்குகிற பாடங்கள் இவை. உனக்கு எதுவும் தெரியாது என்பதை எதிர்பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

காசு. பாடம் கேட்கப் பைசா வேண்டாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம். வாரா வாரம் கொடுக்கும் பயிற்சிக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75, நூற்றுக்குக் கணக்கு அவ்வளவுதான். ஒரு பருவத்தின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-லேயே விதி போட்டிருக்கிறது. உன் கல்லூரி அதை ஏற்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள். பிறகு போய்க் கெஞ்சாதே.

இங்கிலீஷ். ஆம், இடிக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார். சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்துரையும் போட்டிருக்கிறார்கள், தேடு. 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் இந்த ஊரில் நம் பிள்ளைகள் படிக்க ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தபோது அவர்களுக்கு இந்த ஊர் மராத்தியும் புதிது, குஜராத்தியும் புதிது. மொழி இடித்தது என்று அடுத்த ரயிலில் ஊருக்குத் திரும்பவில்லை.

அம்மா சி.ஏ. படிக்கச் சொல்கிறாள். படி! யார் வேண்டாம் என்றது? ஒரு பாடம் எடுத்தால் சி.ஏ. கெட்டுவிடாது. மனிதன் பணத்தைப் பற்றி ஏன் தப்புத் தப்பாக முடிவெடுக்கிறான் என்று தெரிந்த ஆடிட்டர், தெரியாத ஆடிட்டரைவிட நல்ல ஆடிட்டர்.

வேலை. ஒரே ஒரு பாடம் படித்ததற்காக எவனும் வேலை தரமாட்டான், இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பிடித்துப்போய் மேலே படிக்க வேண்டுமானால் வழி இருக்கிறது. அலகாபாத் பல்கலைக்கழகத்தில் நடத்தை, அறிதல் அறிவியலுக்கென்றே ஒரு மையம் 2002 முதல் இருக்கிறது. காந்திநகர் ஐஐடியில் அறிதல் அறிவியலில் இரண்டு வருட எம்.எஸ்சி. இருக்கிறது. கலைப் பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் ஒரே வகுப்பில் உட்காரும் படிப்புகள் இவை. தகுதி விவரத்தை அந்தந்த வருட அறிவிப்பில் நீயே படித்துக்கொள், மாமா பையன் சொன்னான் என்று நம்பாதே. முடித்தவர்கள் பள்ளிக் கல்வி ஆராய்ச்சிக்குப் போகிறார்கள், மென்பொருள் கம்பெனிகளில் மனிதர் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று ஆராயும் வேலைக்குப் போகிறார்கள், மருத்துவமனை ஆய்வுக் குழுக்களுக்குப் போகிறார்கள்.

தோற்றுவிட்டால்? தோற்றுப் போ. நான்காவது வாரத்தில் ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டாலும், இல்லாத கை ஏன் வலிக்கிறது என்று தெரிந்த ஆளாகத்தான் வெளியே வருவாய். அடுத்த பருவத்தில் மறுபடி சேரலாம், பாடம் அங்கேயே இருக்கும்.

தனியாகச் செய்யாதே. உன் கட்டிடத்தில் ஒரு காமர்ஸ் பிள்ளை, ஒரு நர்சிங் பிள்ளை, ஒரு கம்ப்யூட்டர் பிள்ளை, மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்காருங்கள். நர்சிங் பிள்ளை மூளைப் படத்தை விளக்கட்டும், கம்ப்யூட்டர் பிள்ளை நரம்பணுவை நிரலாக எழுதிக் காட்டட்டும், நீ இட்லிக்கார அண்ணனின் கணக்கைக் கொண்டுவந்து நடுவில் வை. பல துறைகள் சேர்ந்த படிப்பு என்று பல்கலைக்கழகங்கள் சொல்வது இதைத்தான். அதை நடத்த ஒரு பாயும் ஒரு போனும் போதும்.

ஸ்வயத்தில் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. கைபேசி உன் கையில்தான் இருக்கிறது. சீனியரிடம் கேட்காதே. இன்றைக்கே உன் பெயரைப் பதிவு செய்!